முதலில் நிலை, பிறகு சுவர்

நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பெரும்பாறையின் இரு பக்கங்களிலும் இரண்டு குடைவரைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் நரசிம்மர், மறுபக்கம் ரங்கநாதர். அதியர் குலத்து அரசர்களின் காலத்தவை. 8ஆம் நூற்றாண்டுப் படைப்புகள். ரங்கநாதர் குடைவரை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டில் பெயர் பெற்றது. அங்கே வாசல் வைத்த தச்சர்கள் எதையும் கட்டவில்லை. பாறை முழுதாக இருந்தது. வேண்டாத கல்லை எடுத்தார்கள். எஞ்சி நின்றது தூணாயிற்று, சுவராயிற்று, நுழைவாயிலாயிற்று.

அதே நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்குப் போய், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு வரும். கொல்லிமலையின் மேல்தளம் அங்கிருந்து விரிகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, திண்ணனூர்நாடு என்று நாடுகளாகப் பிரிந்த ஊர்கள், செம்மேடு தலைமையிடம். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அவர்களுடைய பழைய வீடுகள் மண் சுவரும் மூங்கில் வரிச்சும் புல் கூரையும் கொண்டவை. அந்த வீடுகளில் வாசல் பிறக்கும் முறை நாமக்கல் பாறைக்கு நேர் எதிரானது. சுவரே எழாத மண்ணில், வெட்டவெளியில், கதவு நிலை முதலில் நிற்கும். சுவர் பிறகுதான் வந்து அதன் இரு தோள்களையும் தொடும்.

ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வழிகளும் இருக்கின்றன: முழுமையிலிருந்து வெட்டி எடுத்த வாசல், வெறுமையில் முதலில் நட்டுவைத்த வாசல். இன்று கட்டடம் வரையும் மென்பொருளில் உட்கார்ந்து, தனியாகச் செய்த ஒரு கதவுக்குச் சுவரில் திறப்பு வெட்டத் தெரியாமல் திணறும் மாணவர், தன்னை அறியாமலே இந்த இரண்டு மரபுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கணினி பாறைக் குடைவரையின் வழியில் போகிறது. நம் வீடுகள் நிலை நடும் வழியில் வந்தவை. அந்த வேறுபாடு தெரிந்தால் பாதித் திணறல் தீரும்.

நிலை நடுவதிலிருந்தே தொடங்கலாம்.

மண் வீட்டுக்கு முதலில் மேடு கட்டுவார்கள். மழைநீர் உள்ளே வராத உயரத்துக்குத் தரையை ஏற்றி, கல்லும் மண்ணும் போட்டுத் திமிசு இட்டு இறுக்கியதும், வாசல் எந்தப் பக்கம் என்று முடிவாகும். கொங்கு வட்டாரத்தில் நிலவு என்றும் மற்ற இடங்களில் நிலை, வாசக்கால் என்றும் சொல்லும் மரச்சட்டம் அதற்கு முன்பே தயாராகி இருக்கும். இரண்டு நிலைக்கால்கள், மேலே ஒரு குறுக்குக் கட்டை, கீழே ஒரு படிக்கட்டை. நான்கையும் துளையில் நாக்கு இறக்கிப் பூட்டியிருப்பார் ஆசாரி. கொல்லிமலையில் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. முற்றிய பலாவின் மஞ்சள் வயிரம் கதவுக்கு நல்ல மரம். கீழ்ப்படி மண்ணைத் தொட்டபடியே கிடக்க வேண்டியது என்பதால் கறையான் எளிதில் அண்டாத வயிரக் கட்டையைத்தான் அதற்குத் தேர்வார்கள்.

சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் நாள் ஒரு சடங்கு நாள். தமிழ்நாடு முழுவதும் இன்றும் மாறாத வழக்கம் இது. நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, கீழ்ப்படி உட்காரும் இடத்தில் நவதானியமும் காசும் வசதிப்பட்டவர்கள் பொட்டுத் தங்கமும் போட்டு, தேங்காய் உடைத்து நிறுத்துவார்கள். ஆசாரிக்கு வேட்டி துண்டும் தாம்பூலமும் உண்டு. அடிக்கல் நாட்டுவதையும் புதுமனை புகுவதையும்போல, நிலை வைப்பதற்கும் தனியாக நாள் பார்ப்பதும் உறவினரை அழைப்பதும் வீட்டின் வரலாற்றில் அது எவ்வளவு பெரிய கணம் என்பதைக் காட்டும். சுவருக்கு இப்படி ஒரு விழாவும் கிடையாது.

விழா முடிந்ததும் உண்மையான வேலை. தூக்குக்குண்டை விட்டு நிலைக்கால் நேராக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் சாய்வாகக் கழிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். பிறகுதான் சுவர். மிதித்துக் குழைத்த மண்ணைப் படை படையாக வைப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரம். அதற்கு மேல் வைத்தால் ஈரமண் தன் பாரத்திலேயே பிதுங்கிவிடும். ஒரு படை காய்ந்த பிறகு அடுத்த படை. ஒவ்வொரு படையும் நிலைக்காலைத் தொடும் இடத்தில் மண்ணைக் கையால் அழுத்தித் திணிப்பார்கள். நிலைக்காலின் வெளிப்புறத்தில் முளை அடித்து மண்ணோடு பிடிப்புக் கொடுப்பதும் உண்டு. மண் காயும்போது சுருங்கும். மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு விரிசல் விழும். அதைப் பூச்சு மண்ணால் அடைப்பார்கள். நிலை நேராக நின்றால் சுவரும் நேராக எழும், ஏனென்றால் சுவருக்குக் குறி நிலைதான். சுவர் மேற்கட்டையின் மட்டத்தை எட்டியதும் அதன் நீண்ட இரு முனைகளும் மண்ணுக்குள் புதையும். மேலே வரும் படைகளின் பாரத்தை அந்தக் கட்டை இரு பக்கச் சுவருக்கும் பிரித்துக் கொடுக்கும்.

இந்த வரிசைக்குக் காரணம் நம்பிக்கை மட்டும் அல்ல. காய்ந்த மண் சுவரில் பிறகு ஓட்டை போட்டால் அது வெட்டிய இடத்தோடு நிற்காது. மேலிருக்கும் மண் தாங்கலின்றி உதிரும், மூலைகளிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாகப் பிளவு ஓடும். இழுவிசையைத் தாங்கும் வலு மண்ணுக்கு மிகக் குறைவு. அதனால்தான் திறப்பை முதலிலேயே ஒதுக்கி வைத்தார்கள். தானியம் சேர்க்கும் மண் குதிரிலும் இதே அறிவைப் பார்க்கலாம். சாமையும் கேழ்வரகும் எடுப்பதற்காக அடியில் விடும் சிறு துவாரம் குதிர் வனையும்போதே விடப்படுவது. காய்ந்தபின் குடைந்தால் குதிர் பிளந்துவிடும். துவாரத்தைத் துணியோ தேங்காய் மூடியோ அடைத்துக் காக்கும்.

வாசலின் அளவு எங்கிருந்து வந்தது? மண் வீட்டின் வாசல் தாழ்ந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். தாழ இறங்கிய கூரை விளிம்பு, மலைக்காற்றும் குளிரும், கிடைக்கும் மரத்தின் நீளம் எல்லாம் சேர்ந்து அந்தத் தாழ்வைத் தீர்மானித்தன. சமவெளியின் கல் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் தச்சு முழம் இருந்தது. 24 அங்குலம் கொண்ட தச்சு முழம் இன்றைய அளவில் 33 அங்குலம். ஆகவே தச்சரின் ஓர் அங்குலம் இன்றைய அங்குலத்தைவிடப் பெரியது, சரியாக ஒன்றும் எட்டில் மூன்றும். பழைய கதவை அளக்கப் போகிறவர் இதை மறந்தால், இயல்பான அளவுகள்கூட வினோதமான பின்னங்களாகத் தெரியும். அப்படிப்பட்ட அளவுகளை 33 அங்குலத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

வாசலின் அளவை அதன் வழியே போவது தீர்மானிக்கிறது என்ற அறிவு தமிழில் மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, நக்கீரர் பாடியது. அரண்மனை எழுப்பும் முறையை அதில் அவர் விரிவாகச் சொல்கிறார். நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை கணித்து, கயிறு பிடித்து மனை வகுக்கிறார்கள். பிறகு வாயில். வெற்றிக்கொடி ஏந்திய யானை கொடியைச் சாய்க்காமல் நுழையும் உயரம் அதற்கு. இரும்பால் கட்டி அரக்குப் பூசிய கதவுகள். நெய் பூசி வெண்கடுகு அப்பிய நெடிய நிலை. மஞ்சள் பூசும் இன்றைய கைக்கும் அந்த நெய் பூசிய கைக்கும் ஏறத்தாழ 2,000 ஆண்டு இடைவெளி. அந்த வாயிலை நக்கீரர் ஒப்பிடுவது குடைந்த மலையோடு என்பது இன்னும் வியப்பு. கட்டி எழுப்பிய வாயிலைப் பார்த்து மலையை வெட்டித் திறந்ததுபோல் இருக்கிறது என்று ஒரு கவிஞர் நினைத்தது, தமிழகத்தில் குடைவரைக் கோயில்கள் பெருகுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பு.

குடைவரைகள் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனோடு வட தமிழகத்தில் தொடங்கின. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இல்லாமல் எடுத்த கோயில் என்று அவன் கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொள்கிறான். வேலை எப்படி நடந்தது என்பதை மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட குடைவரைகள் காட்டுகின்றன. பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, கோட்டின் வழியே பள்ளம் வெட்டி, நடுவில் புடைத்து நிற்கும் சதுரங்களை உடைத்து எடுத்தார்கள். ஓர் அடுக்கு போனதும் மறுபடியும் கோடு, மறுபடியும் பள்ளம். மரக்கதவு மாட்டும் இடத்தில் கதவின் குடுமி சுழல்வதற்கு மேலும் கீழும் குழி. ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை. கதவின் அளவு கையில் இல்லாமல் உளியைத் தொடவே முடியாத தொழில் அது. ஆக, வெட்டி எடுத்தவர்களும் நட்டுக் கட்டியவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: கதவு முதலில் தெரிய வேண்டும்.

அந்த ஒழுங்கு கலைந்தது சமீபத்தில்தான்.

மலைப்பாதையில் லாரி ஏறத் தொடங்கியதும் சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் ஏறின. குடிசைக்குப் பதில் கான்கிரீட் கூரை என்பது அரசின் கொள்கையாயிற்று. 1985இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் யோஜனா, 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் அறிவித்த 300 சதுர அடி பசுமை வீடுகள், 2016இல் பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டம், 2024இல் 360 சதுர அடி கலைஞர் கனவு இல்லம் என்று திட்டங்கள் வரிசையாக வந்தன. ஒழுகாத கூரை கிடைத்தது பெரிய நன்மை. மழைக்காலத்தில் புல் கூரையின் அடியில் படுத்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கூடவே வீட்டின் வரைபடம் ஒன்றானது, கதவும் ஒன்றானது. மூன்றடி அகலம், ஏழடி உயரம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 100 மில்லிமீட்டரை ஓர் அலகாகக் கொண்டு கதவுத் திறப்புகளுக்கு நிலையான அளவுகளை வகுத்திருக்கிறது. சுவரில் விடும் திறப்பு பெரிது, அதில் நுழையும் சட்டம் சில மில்லிமீட்டர் சிறிது என்பது அந்தத் தரத்தின் அடிப்படை. கடையில் செய்து விற்கும் கதவுக்கு இது நியாயமான ஏற்பாடு. கொத்தனார் ஓரிடத்தில் சுவர் கட்டலாம், கதவு வேறோர் ஊரில் செய்து வரலாம், இரண்டும் பொருந்தும்.

ஆனால் பழைய கதவு எந்தத் தரத்துக்கும் அடங்காது. பலா மரக் கதவை விட மனமில்லாத குடும்பம் அதைப் புது வீட்டில் மாட்ட நினைக்கும்போது சிக்கல் ஆரம்பமாகிறது. மண் வீட்டைப் பிரிக்கும்போது நிலையைக் கழற்றி வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவது தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்த வழக்கம். சுவர் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகும். நிலை மட்டும் மூன்றாவது தலைமுறையின் வீட்டிலும் நிற்கும். வீட்டிலேயே ஆயுள் அதிகமான உறுப்பு அதுதான்.

எழுந்துவிட்ட சுவரில் பழைய நிலைக்குத் திறப்பு வெட்ட வேண்டுமானால், கைதேர்ந்த மேஸ்திரி சுத்தியலை எடுப்பதற்கு முன் கூரைக்கு முட்டுக் கொடுப்பார். பிறகு வாசலின் மேல் விளிம்பு வரும் இடத்தில், சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் நீளமாகப் பள்ளம் வெட்டி, அதில் வாசலுக்கு மேல் பாரம் தாங்கும் ஒரு லிண்டலைச் செருகி, இண்டு இடுக்கெல்லாம் கலவை திணித்து இறுக விடுவார். அது பிடித்த பிறகு மறுபக்கத்திலிருந்து மீதிப் பாதி. இரண்டு பக்கமும் பாரம் ஏறிக்கொண்டதும்தான் கீழே இருக்கும் சுவரை மேலிருந்து கீழாக உடைப்பார். லிண்டலின் ஒவ்வொரு முனையும் சுவரின் மேல் குறைந்தது ஆறு அங்குலமாவது உட்கார வேண்டும். ஒன்பது அங்குலம் என்றால் நிம்மதி. நேரே கீழே உடைக்கத் தொடங்குகிறவர்களின் வேலையில்தான் திறப்புக்கு மேலே முக்கோணமாகச் செங்கற்கள் சரிந்து விழும்.

கணினி இதே வேலையை ஒரு நொடியில் செய்கிறது, எந்த முட்டும் இல்லாமல். அது எப்படி வந்தது என்பதும் ஒரு சரித்திரம்.

19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல், சேர்த்தல், பொதுவானதை எடுத்தல், கழித்தல் என்று தர்க்கத்தையே கணக்காக்கினார். 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு அந்தக் கணக்கைத் திடவடிவங்களுக்குப் பொருத்தினார். ஒரு கட்டியிலிருந்து இன்னொரு கட்டியைக் கழித்தால் எஞ்சுவது துளையுள்ள கட்டி. அதே காலத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஈஸ்ட்மன் கட்டடத்தையே இந்த முறையில் விவரிக்கும் அமைப்பொன்றை உருவாக்கினார். வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினி என்ற அவருடைய கட்டுரை 1975இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் இதழில் வந்தது. கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல் உறுப்புகளாக அடுக்கினால், ஒரு கதவை நகர்த்தும்போது தரைப்படமும் முகப்புப்படமும் வெட்டுப்படமும் தாமே மாறும் என்பது அவர் வாதத்தின் சாரம். அரை நூற்றாண்டு கழித்து உலகமே அப்படித்தான் வேலை செய்கிறது.

1982இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் காபோர் போயார் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேடு மென்பொருளைக் கொண்டுவந்தது. கதவு, ஜன்னல் போன்றவற்றை வாக்கியம் வாக்கியமாக எழுதி உருவாக்க ஒரு மொழியே அதில் உண்டு; சுவரில் எந்த வடிவத்தில் துளை விழ வேண்டும் என்று சொல்வதற்கு அந்த மொழியில் தனிக் கட்டளை இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் லியோனிட் ரைஸ், இர்வின் யுங்ரைஸ் இருவரும் தொடங்கிய நிறுவனம் 2000இல் ரெவிட் மென்பொருளை வெளியிட்டது. 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. 2000இல் வந்த ஸ்கெட்சப் மென்பொருள் படிப்பதற்கு எளிது, ஆனால் அதில் கதவு வெட்டும் திறப்பு சுவரின் ஒரு முகத்தை மட்டுமே துளைக்கும். கனமான சுவரின் மறுமுகத்தை வரைபவரே கையால் வெட்ட வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் புதிதாகப் பயில்பவர்கள் தட்டுத் தடுமாறும் இடங்களில் அதுவும் ஒன்று.

ரெவிட்டில் சுவர்தான் புரவலர். கதவு அதன் விருந்தாளி. சுவர் இல்லாத இடத்தில் கதவை வைக்க முடியாது. சுவரை அழித்தால் கதவும் சேர்ந்து போகும். கொல்லிமலையின் மண் வீட்டில் உறவு தலைகீழ். சுவர் போனாலும் நிலை நிற்கும், நிலையை நம்பித்தான் சுவர் எழும். மென்பொருளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஓராயிரம் கதவுகள் கொண்ட மருத்துவமனையை வரைவதற்கு அதன் வழியே சிறந்தது. ஒரே ஒரு பழைய கதவுக்கு மட்டும் அந்த வழி பொருந்தவில்லை.

ஏன் பொருந்தவில்லை என்று பார்க்க, ஒரு கணக்குப் போட்டால் போதும். இரட்டைக் கதவின் அகலம் 42 அங்குலம், நிலைக்கால் ஒவ்வொன்றும் 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நிலையின் வெளியகலம் 54 அங்குலம். இருபுறமும் கலவைக்கு அரை அங்குலம் விட்டால் திறப்பு 55. மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் கதவுகள் பலவற்றில் கதவின் அகலத்தைக் கொடுத்தால் அந்த 42 அங்குலத்துக்குத்தான் சுவர் வெட்டுப்படும். நிலை சுவருக்குள் புதைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். ரெவிட்டின் கதவு வார்ப்பில் சுவரில் விடும் முரட்டுத் திறப்பின் (rough opening) அகலம், உயரம் என்று இரண்டு அளவுகள் தனியே இருக்கின்றன. ஆனால் வெட்டை அவற்றோடு இணைக்கும் வேலையை வரைபவர்தான் செய்ய வேண்டும்; பலர் அந்தக் கட்டங்களை நிரப்பிவிட்டு வெட்டு விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. பழைய நிலையின் மேற்கட்டை நிலைக்கால்களைத் தாண்டி இருபுறமும் ஐந்து அங்குலமாவது நீளும். கீழ்ப்படியும் அப்படியே. அப்போது சுவரில் வேண்டிய திறப்பு செவ்வகமே அல்ல. மேலும் கீழும் அகன்று நடுவில் ஒடுங்கிய, உடுக்கை போன்ற வடிவம். நிலையை நட்டுவிட்டுச் சுவர் எழுப்பியவர்களுக்கு இந்த வடிவம் இலவசமாகக் கிடைத்தது. மண் தானாகவே அதைச் சுற்றிக்கொண்டது. திரையில் வரைபவர் கதவு வார்ப்பில் ஏற்கெனவே இருக்கும் செவ்வகத் திறப்பை நீக்கிவிட்டு, நிலையின் வெளிக்கோட்டைத் தொட்டு வரைந்த வெற்றுருவத்தால், அதாவது கழிப்பதற்கென்றே வரையும் வடிவத்தால், சுவரை வெட்ட வேண்டும். அந்த வெற்றுருவம் சுவரின் கனத்தைவிட இருபுறமும் நீளமாக இருப்பது முக்கியம். சரியாகச் சுவர்க் கனத்துக்கே வரைந்தால், பூச்சுக் கனம் கூடும் நாளில் திறப்பின் மேல் ஒரு தோல் மிஞ்சும்.

மண் சுவர் என்றால் மற்றொரு சிக்கல். அது அடியில் பருத்து மேலே சிறுத்தது. பாரம் தாங்கவும் மழைச்சாரலில் அடிப்பகுதி கரைவதை ஈடுகட்டவும் அப்படி வைத்தார்கள். ரெவிட் பல ஆண்டுகள் நேர்குத்தான சுவரை மட்டுமே எளிதில் அறிந்திருந்தது. சாய்ந்த சுவர் 2021 பதிப்பில்தான் வந்தது, அடி பருத்த சுவர் 2022 பதிப்பில். அதற்கு முன் நம் கிராமத்து வீடுகளை அந்த மென்பொருளில் ஆவணப்படுத்திய பலர் சுவர்களை நேராக்கியே வரைந்தார்கள். அப்படிப்பட்ட படங்களில் வாசலின் ஆழம் தவறாகவே இருக்கும்.

இந்த வெட்டும் கணக்கில் மனநிறைவு தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் கட்டடத் தகவலைப் பரிமாறிக்கொள்ள ஐ.எஃப்.சி. என்ற பொது முறை இருக்கிறது. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற உலகத் தரமாயிற்று. அந்த முறையில் சுவர் ஒரு பொருள், திறப்பு ஒரு பொருள், கதவு ஒரு பொருள். திறப்பு சுவரை வெறுமையாக்குகிறது. கதவு திறப்பை நிரப்புகிறது. கதவு வராவிட்டாலும் திறப்பு தன்னளவில் இருக்கும். இந்தத் தரத்தை வகுத்தவர்கள் தமிழ் ஆசாரியைச் சந்தித்தவர்கள் அல்ல, ஆனாலும் வாசல் வேறு, நிலை வேறு, கதவு வேறு என்று அவர் கையால் அறிந்ததன் அருகில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத மாணவர்கள் ஃபிரீகேடு போன்ற கட்டற்ற மென்பொருளிலேயே இந்த முறையில் வேலை செய்யலாம். அதில் எந்தத் திடவடிவத்தையும் சுவரிலிருந்து கழித்துவிட முடியும் என்பதால் உடுக்கை வடிவத் திறப்பும் கடினமில்லை.

பழைய கதவுகளின் சந்தை இப்போது பெரிது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கு நிலைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது வந்தவை. அவை விடுதிகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போகின்றன. ஒன்றரை அடிச் சுவருக்குச் செய்த நிலை ஒன்பது அங்குலச் சுவரில் பொருத்தப்படும்போது முன்னும் பின்னும் துருத்தி நிற்கும்; சிலர் மரத்தையே அறுத்து மெல்லியதாக்கிவிடுகிறார்கள். இது பொறுக்க முடியாத செயல். சுவரைக் கொஞ்சம் கனமாகக் கட்டுவதற்கு ஆகும் செலவு, நூறாண்டு மரத்தை அறுப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் வேறு வழி காட்டியிருக்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பியபோது நிலையும் தூணும் தம் இடத்தில் தம் அளவிலேயே நின்றன. சுவர்தான் அவற்றுக்கு இசைந்து எழுந்தது.

கொல்லிமலையின் வாசல்களுக்கு அப்படி ஒரு காட்சியகம் இல்லை. புல் கூரையும் மண் சுவரும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. வீட்டைப் பிரித்த பிறகு பலாக்கதவு விறகாகவோ மாட்டுக்கொட்டகை மறைப்பாகவோ போய்ச் சேர்ந்தால் அதன் அளவும் அதோடு போகும். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகளிலும் கட்டடக்கலையும் கட்டுமானப் பொறியியலும் படிக்கும் இளைஞர்களுக்கு இந்த மலை தொலைவில் இல்லை. விடுமுறையில் ஒரு நாடா, ஒரு தூக்குக்குண்டு, ஒரு குறிப்பேடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள். வீட்டுக்காரர்களின் ஒப்புதலோடு அளவெடுங்கள். கதவின் அகலத்தோடு நிறுத்தாமல் நிலைக்காலின் கனம், மேற்கட்டை சுவருக்குள் நீளும் தூரம், கீழ்ப்படியின் உயரம், சுவரின் அடிக்கனம், மேல்கனம், குடுமிக் குழியின் ஆழம் எல்லாவற்றையும் குறியுங்கள். வரைந்ததைப் பொதுவில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் கோப்பாக வையுங்கள். ஒரு படியை அந்த வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வீடு கட்டும்போது கொத்தனாரிடம் காட்ட அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.